ஐம்பத்தேழாம் நாள், புதன்கிழமை

திருநகர், மதுரை
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால் நன்றி. போனில் என் எண்ணை நீ அடைத்து வைத்து மூன்று வருடம் ஆகப் போகிறது. தபாலை அடைக்க வழியில்லை என்பதால் இப்படி. திண்டுக்கல்லில் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டுக் கல்லூரி முகவரிக்கே அனுப்புகிறேன்.

நமக்குக் கடிதம் ஒன்றும் புதிதில்லை. பெங்களூருக்கு வெளியே அந்தப் பழைய கல்குவாரியில், செவ்வாய்க் கிரகத்தில் இருப்பதாகப் பாவித்து உங்கள் ஐந்து பேரையும் தொண்ணூறு நாள் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினோமே, அப்போது ஒரு சொல் வெளியே வர இருபது நிமிடம், பதில் உள்ளே போக இருபது நிமிடம் என்று நாமே ஒரு தாமதத்தை வைத்தோம். குறுக்கே பேச முடியாது. சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கூண்டை வடிவமைத்த நீ உள்ளே இருந்தாய். உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கூண்டை நடத்திய கம்பெனியை விட்டு நானும் வந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் வலி. திருநகரில் ஒரு மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். அட்டையும் தார்ப்பாயும் வைத்து நம் கூண்டு மாதிரியே ஒன்று கட்டியிருக்கிறேன். எட்டுப் பேர் காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வரலாம். விண்வெளிக்குப் போகிற ஆசையோடு வருகிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள். பாடமே அதுதான்.

இப்போது ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மூடிய இடம் மனிதரை என்ன செய்யும் என்பது என் அத்தியாயம். அதில் உன் விஷயத்தை எழுதலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். உள்ளே போகுமுன் நீங்கள் நிரப்பிய படிவத்தில் நான்காம் கேள்வி: வீட்டில் துக்கம் நேர்ந்தால் உடனே சொல்ல வேண்டுமா, வெளியே வந்த பின் சொல்ல வேண்டுமா? நீ 'பின்' என்பதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாய். ஐம்பத்தெட்டாம் நாள் உன் அம்மா தவறிப்போனார். நீ எழுதிக் கொடுத்தபடி தொண்ணூறாம் நாள்தான் உன்னிடம் சொன்னேன். உன் பெயர் வராது, ஆனாலும் உன் சம்மதம் வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற படிவம் ஒன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கேள்விகள் அதேதான்.

அன்புடன்,
நுஸைபா


திண்டுக்கல்
21 ஜனவரி 2025

நுஸைபா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் பிரித்துத் தொலைத்தேன்.

சம்மதம் கிடையாது. பெயர் போடாமல் எழுதினாலும் கிடையாது. எங்கள் பக்கத்தில் அந்தக் கூண்டுக்குப் போனவள் நான் ஒருத்திதான். சமயநல்லூர் பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் டீக்கடையில் இருப்பவர்கள் 'செவ்வாய்க்குப் போன பிள்ளை வருது' என்பார்கள். நீங்கள் பெயரை மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஏப்ரலில் நான் வெளியே வந்து ஊருக்குப் போனபோது என் அண்ணன் அழகுபாண்டி வாசலிலேயே நின்று சொன்னது இது: "பெத்தவ சாவச் சொல்ல வேணாம்னு கையெழுத்துப் போட்டவளுக்கு இங்க என்ன சோலி?" அதோடு சரி. அதற்கப்புறம் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருடா வருடம் மார்ச் மூன்றாம் தேதி அம்மாவுக்குப் படைக்கும்போது போகிறேன். நான் உள்ளே நுழைந்தால் அவன் தோட்டத்துக்குப் போய்விடுகிறான். மதினிதான் சோறு போடும். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பேன்.

நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள், பதில் சொல்லிவிட்டேன். நானும் ஒன்று கேட்கிறேன்.

ஐம்பத்தேழாம் நாள், புதன்கிழமை காலையில் உள்ளேயிருந்து எழுதினேன். "நான்காம் கேள்விக்கு என் பதிலை மாற்றுகிறேன். எதுவானாலும் உடனே சொல்லுங்கள்." அம்மா செத்தது மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. இந்த மாதிரிக் கோரிக்கைகளைச் சனிக்கிழமைதான் பிரித்துப் பார்ப்போம், நான் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று தொண்ணூறாம் நாள் என்னிடம் சொன்னீர்கள்.

அதை நீங்கள் எப்போது படித்தீர்கள்?

ஜெயக்கொடி


திருநகர்
30 ஜனவரி 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

பதில் எழுதியதற்கே சந்தோஷம். கையேட்டைப் பற்றி நீ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்கு: கோரிக்கைப் பெட்டியை வாரம் ஒருமுறை, சனிக்கிழமை திறப்பது என்பது எல்லாரும் சேர்ந்து வைத்த விதி. உள்ளே இருப்பவர்கள் ஒரு நாள் கோபத்தில் எழுதியதை மறுநாள் திரும்பப் பெற ஆசைப்படுவார்கள் என்பதால் அப்படி வைத்தோம். அந்தக் கூட்டத்தில் நீயும் இருந்தாய், நினைவிருக்கும்.

இங்கே போன வாரம் கூண்டுக்குள் ஒரு திரை தொங்கவிட்டேன். நீ அங்கே வைத்தது போலவே மூலையில், பழைய சேலைத் துணியில். காஜிமார் தெருவில் எங்கள் வீட்டில் இரண்டு அறைக்குள் ஒன்பது பேர் இருந்தோம். என் அத்தா ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் போனவரை யாரும் கூப்பிடக் கூடாது என்று வைத்திருந்தார். நான் ஆராய்ச்சி என்று செய்ததெல்லாம் அந்தத் திரையைப் பற்றித்தான். திரை வந்தபின் பிள்ளைகள் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

பழையதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப் போகிறது ஜெயா. அலுப்பாக இருக்கிறது.

நுஸைபா


(தபால் அட்டை)
திண்டுக்கல், 3 பிப்ரவரி

விதிப்படி எப்போது படிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நீங்கள் எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன்.

ஜெயக்கொடி


திருநகர்
11 பிப்ரவரி 2025

ஜெயா,

புதன்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்குப் படித்தேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவி வந்தேன். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் அண்ணன் கூப்பிட்டார். "மேடம், அம்மாவுக்கு ரொம்ப முடியல. தங்கச்சிட்ட மட்டும் சொல்லிருங்க, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்றார். நீ எழுதிக்கொடுத்த படிவத்தைச் சொன்னேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

அன்று உனக்கு வழக்கமான செய்தியை அனுப்பும்போது கடைசியில் 'சாப்பிட்டியா' என்று எழுதினேன். ஐம்பத்தாறு நாளில் ஒரு நாளும் நான் அப்படிக் கேட்டதில்லை. அனுப்பிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மறுநாள் நீ பதிலை மாற்றி எழுதியபோது எதனால் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வேலையை என்னிடமே கற்றுக்கொண்டவள் அல்லவா நீ.

பெட்டியைத் திறக்க எனக்கு அதிகாரம் இருந்தது. தினமும் திறந்து பார்ப்பேன், யாருக்கும் தெரியாது. உன் வரியைப் படித்தேன். திரும்ப மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன். அதற்கு முந்தைய தடவை நாற்பதாம் நாள் ஒருவர் வெளியேறி எல்லாம் வீணானது உனக்கும் தெரியும். இதுவும் உடைந்தால் இந்த ஆராய்ச்சியையே மூடுவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. என்னுடைய பதினொரு வருடம் அதற்குள் இருந்தது. வந்து என்ன செய்யப் போகிறாள், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போகிற உயிர் போகத்தான் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் நல்லதுக்கு என்றும் சொல்லிக்கொண்டேன். அது பொய். அன்று மதியம் நீ கிளம்பியிருந்தால் இரவுக்குள் வீட்டில் இருந்திருப்பாய்.

அப்புறம் என் அறிக்கை பெரிய பெயர் வாங்கியது. அதைக் கையில் வைத்துப் படிக்க முடியாமல்தான் வேலையை விட்டேன்.

இந்த வயதில் இதை ஏன் கிளப்பினேன் என்று நீ கேட்கலாம். டிசம்பரில் பவதாரிணி என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, படிவத்தை நிரப்பும்போது என்னிடம் கேட்டது: "மிஸ், இப்ப ஒண்ணு எழுதிட்டு உள்ள போயி மனசு மாறுனா யார்ட்ட மிஸ் சொல்றது?" என்னிடம் சொல்லலாம் என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையேடு, சம்மதம் என்பதெல்லாம் உனக்கு எழுத நான் பிடித்த சாக்கு.

நுஸைபா


திண்டுக்கல்
22 பிப்ரவரி 2025

நுஸைபா அவர்களுக்கு,

படித்தேன். இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. நீங்கள் டீ குடிக்கப் போனதை எழுதாமல் விட்டிருக்கலாம். எதைச் செய்தாலும் கண்ணில் அந்த டீதான் நிற்கிறது.

உங்களுக்கு என்னவெல்லாமோ எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் இருந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், திரும்ப எழுதத் தெம்பில்லை.

ஆனால் எனக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. உள்ளே போகுமுன் நேர்காணலில் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அந்தத் தீபாவளியிலிருந்தே அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். சொல்லியிருந்தால் என்னை எடுத்திருக்க மாட்டீர்கள். நான்காம் கேள்வியில் 'பின்' என்று குறியிட்டதும் அதனால்தான். சொன்னால் வெளியே வர வேண்டியிருக்கும். நான் வடிவமைத்த கூண்டில் நானே தொண்ணூறு நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று அப்படி ஒரு வெறி. கிளம்பும்போது அம்மா கேட்டது: "எம்புட்டு நாளு தாயி?" மூணு மாசந்தாம்மா என்றேன். விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுச் சரி என்றது.

ஆக, முதலில் மறைத்தவள் நான். அதனால் நீங்கள் செய்தது ஒரு நூல்கூடக் குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு முடியவில்லை என்று தெரிந்தே நான் போனேன் என்பது அண்ணனுக்குத் தெரியும். உள்ளே போய் மனசு மாறிக் கேட்டேன் என்பதுதான் தெரியாது. நான் சொன்னால் இப்போது கதை கட்டுகிறாள் என்பான். நீங்கள் சொல்ல வேண்டும். மார்ச் மூன்றாம் தேதி திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் சமயநல்லூருக்கு வாருங்கள். நிறுத்தத்தில் அழகுபாண்டி வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். எனக்கு எழுதியதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

வராவிட்டால் கையேட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் இனி எழுத வேண்டாம்.

ஜெயக்கொடி


திருநகர்
5 மார்ச் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்ததற்கு மன்னித்துவிடு. நீ கொல்லைப்பக்கம் போனாய், திரும்பி வருவாய் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். உன் மதினி என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கு மேல் அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை.

என்னென்ன கேட்பார், எப்படியெல்லாம் ஏசுவார் என்று ஆரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அவர் ஏசவே இல்லை. நோன்பு என்று சொன்னதும் கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாரே, அந்த மரியாதைக்கு நான் தயாராக வரவில்லை. நாற்காலியை வேப்பமர நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். நீ கதவோரம் நின்றாய். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கண் உன் அம்மா படத்துக்குப் போட்டிருந்த மாலையிலேயே இருந்தது.

கேட்டது ஒன்றே ஒன்றுதான். "புதங்கெழம எத்தன மணிக்குன்னு சொன்னீங்க?" பதினொன்றே முக்கால் என்றேன். அவர் எழுந்து கொல்லைக்குப் போனார், நீ பின்னால் போனாய். அவர் ஏன் மணியைக் கேட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இத்தனை வருடம் மனிதர்களைப் படித்து என்ன கிழித்தேன் என்று தோன்றியது.

கையேட்டுக்காரர்களிடம் இந்த அத்தியாயத்தை வேறு யாரையாவது வைத்து எழுதச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வகுப்பையும் இந்த மாதத்தோடு நிறுத்தலாம் என்றிருக்கிறேன். தார்ப்பாய் கிழிந்துவிட்டது, மாடி ஏற முழங்கால் விடவில்லை. உண்மையில் அந்தப் படிவத்தை இன்னொரு பிள்ளை கையில் கொடுக்க எனக்குத் தைரியமில்லை.

நான் வந்ததால் உன் வீட்டில் இருந்த கொஞ்சநஞ்சமும் உடைந்திருந்தால், அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்.

நுஸைபா


திண்டுக்கல்
14 மார்ச் 2025

அக்கா,

நான் திரும்பி வந்து பார்த்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. நோன்போடு அந்த வெயிலில் பஸ் நிறுத்தம் வரை நடந்தே போய்விட்டீர்கள் என்று மதினி என்னைத் திட்டியது.

அண்ணன் ஏன் மணியைக் கேட்டான் என்று சொல்கிறேன்.

கொல்லையில் மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசுவான் என்று நினைக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசினான். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களிடம் பேசி போனை வைத்த கையோடு அம்மாவிடம் போனானாம். "என்னடா சொன்னாக" என்று அம்மா கேட்டிருக்கிறது. சொல்ல மாட்டார்களாம் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. "கெளம்பிட்டாம்மா" என்றிருக்கிறான்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. அம்மா கண் முழிக்கும்போதெல்லாம் நான் எங்கே வருகிறேன் என்று கேட்டிருக்கிறது. பஸ் கிடைக்கல, ஓசூர்ல நிக்கிறா என்றிருக்கிறான். புதன்கிழமை சேலம் என்றான், கரூர் என்றான். "என்னடா பஸ்ஸு இது, இம்புட்டு நேரமா" என்று கேட்டதற்கு, ரோட்டில் வேலை நடக்கிறது என்றான். வியாழக்கிழமை திண்டுக்கல், மதியம் கொடைரோடு. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஊருக்கு முந்தின ஊரைச் சொல்லி, "வாடிப்பட்டி தாண்டிட்டாம்மா" என்றிருக்கிறான். அம்மா மதினியைத் திரும்பிப் பார்த்து, "அப்ப ஒலைய வைக்கச் சொல்லு" என்றது. அதுதான் கடைசி.

மூன்று வருடமாக அவன் என் மேல் உள்ள கோபத்தில் தோட்டத்துக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ஒன் மூஞ்சியப் பாத்தா வாடிப்பட்டி வாடிப்பட்டின்னு எம் பேச்சே எனக்குக் கேக்குது தாயி. பெத்தவள ஏமாத்தி அனுப்பிச்சுட்டேன்" என்றான். அப்புறம் சுவரில் விரலால் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான். "பதினொன்னே முக்காலுக்கு ஒங்கிட்டச் சொல்லிருந்தா, ராத்திரி ஒம்பது மணிக்கு நீ நெசமாவே வாடிப்பட்டி தாண்டியிருப்ப. நாஞ் சொன்னது பொய்யாயிருக்காது."

இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். ராத்திரி அங்கேதான் சாப்பிட்டேன், அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். மிளகாய்ச் செடிக்குப் பூச்சி விழுந்திருப்பதைச் சொன்னான்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். எழுதினால் அது இன்னொரு பொய். இப்போதைக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு வந்து சொன்னீர்கள். நீங்கள் சொன்னதால் அவன் சொன்னான். என் அம்மா இரண்டு நாள் என்னை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டேன். அது வலிக்கத்தான் செய்கிறது, அக்கா. அம்மா என்னை நினைத்ததோ இல்லையோ என்று தெரியாமல் படுத்த ராத்திரிகளைவிட இது எவ்வளவோ மேல்.

கையேட்டில் எழுதுங்கள். என் பெயரைப் போட்டே எழுதுங்கள், நான் நேர்காணலில் சொன்ன பொய்யும் வரட்டும். அண்ணனைக் கேட்டதற்கு, "எழுதட்டும், எம் பேரையுஞ் சேத்துப் போடச் சொல்லு" என்றான்.

ஜனவரியில் நீங்கள் வைத்து அனுப்பிய படிவத்தை நிரப்பி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்காம் கேள்வியில் 'உடனே' என்பதில் குறி போட்டிருக்கிறேன். கீழே ஐந்தாவதாக ஒரு கேள்வியை நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன்: மனசு மாறினால் யாரிடம் சொல்வீர்கள், அவர் பெயரை எழுதவும். பிள்ளைகளின் படிவத்திலும் அதைச் சேருங்கள். அந்தப் பவதாரிணி யார் பெயரை எழுதுகிறாள் என்று பார்ப்போம்.

வகுப்பை நிறுத்த வேண்டாம். 22ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். தார்ப்பாயை நான் வாங்கி வருகிறேன், அதைத் தைக்கவும் எனக்குத் தெரியும். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். பஸ் ஏறியதும் கூப்பிட மாட்டேன். வாடிப்பட்டி தாண்டியதும் கூப்பிடுகிறேன், தாண்டிய பிறகுதான்.

ஜெயா